அளப்பவருக்கு யார் கூலி கொடுப்பது?

புகைபோக்கியில் ஏறும்போது கீழே பார்க்காதே என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். சுவரோடு ஒட்டிய இரும்பு ஏணி, அதைச் சுற்றிக் கம்பிக் கூண்டு. கருவிகளைக் கயிற்றில் கட்டித் தனியாக மேலே இழுத்துக்கொள்வோம். உச்சிக்குச் சற்றுக் கீழே இரண்டு பேர் நெருக்கி நிற்கும்படியான ஒரு தளம். புகைபோக்கியின் உடலில் கையகலத்துக்கு ஒரு துளை, அதற்கு ஒரு மூடி. மூடியைத் திறந்ததும் அனல் முகத்தில் அறையும். அந்தத் துளைக்குள் நீண்ட உலோகக் குழாயைச் செலுத்தி, உள்ளே புகை எந்த வேகத்தில் மேலேறுகிறதோ அதே வேகத்தில் அதை உறிஞ்சி எடுக்க வேண்டும். வேகம் கூடினாலும் குறைந்தாலும் கணக்கு தவறிவிடும். உறிஞ்சிய புகை கண்ணாடி இழையால் ஆன ஒரு சிறிய வடிகூட்டின் வழியாகப் போகும். தையற்காரர் விரலில் மாட்டிக்கொள்ளும் அங்குஸ்தானை நீட்டி இழுத்தது போல இருக்கும். ஆய்வகத்தில் அதை திம்பிள் என்போம்.

என் பொறுப்பு அந்த திம்பிள். போவதற்கு முன் அதை உலையில் காய வைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட கண்ணாடிச் சாடிக்குள் ஆற வைத்து, எடை போட்டுக் குறித்துக்கொள்வேன். வந்த பிறகும் அதே போலக் காய வைத்து, ஆற வைத்து, மறுபடி எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த ஆலை காற்றில் விடும் துகள். சில மில்லிகிராம் இருக்கும். தராசின் கண்ணாடிக் கதவைச் சாத்தாமல் விட்டால், மூச்சுக் காற்றிலேயே கடைசி எண் ஆடும். அந்த எடையை, உறிஞ்சிய காற்றின் கொள்ளளவால் வகுத்தால், ஒரு கன மீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று ஓர் எண் கிடைக்கும். சட்டம் பேசுவது அந்த எண்ணைப் பற்றித்தான்.

இரண்டு ஆண்டுகள் அந்த வேலையைச் செய்தேன். பிறகு படிக்கப் போய், சுற்றுச்சூழல் கொள்கைகள் எப்படி வகுக்கப்படுகின்றன, அவை ஏன் பலிக்கின்றன, ஏன் பொய்த்துப்போகின்றன என்ற ஆய்வுகளை வாசிப்பதே தொழிலாகிவிட்டது. ஆனாலும் நான் படித்த எல்லாவற்றையும் அந்தத் தராசின் பக்கத்தில் உட்கார்ந்தபடிதான் படித்தேன் என்று இப்போது தோன்றுகிறது. அதற்குக் காரணம் ஒரு நாள்.

வழக்கமாக நாங்கள் எந்த நாளில் வருகிறோம் என்பது ஆலைக்கு முன்பே தெரியும். எங்களை அழைப்பதும் அவர்கள்தான், பணம் தருவதும் அவர்கள்தான். அந்த முறை தேதியைக் குறித்ததில் ஏதோ பிசகு. ஒரு நாள் முன்னதாகப் போய் நின்றோம். வாசலில் சிறிது தயங்கினார்கள், பிறகு அனுமதித்தார்கள். ஏறினோம், அளந்தோம், இறங்கினோம். மறுநாள் ஆய்வகத்தில் திம்பிளை எடுத்துப் பார்த்தபோது எப்போதும் சாம்பல் பூத்திருக்கும் அதன் உட்புறம் கறுத்திருந்தது. எண் வரம்பைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல். பொறுப்பாளர் தாளை வாங்கிப் பார்த்தார். "உறிஞ்சும் வேகம் சரியாக இருந்ததா? சந்தேகமாக இருந்தால் இன்னொரு முறை எடுத்துவிடலாம்" என்றார். அடுத்த வாரம், சொல்லிவிட்டுப் போனோம். கொதிகலன் பாதிச் சுமையில் ஓடிக்கொண்டிருந்தது. எண் வரம்புக்குள் வந்தது. அறிக்கையில் அது மட்டும் போனது.

யாரும் எந்த எண்ணையும் திருத்தவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். அறிக்கையில் இருந்த எண் உண்மையானது. நானே எடை போட்டது. ஆனால் அந்த ஆலையின் புகையைப் பற்றி அந்த அறிக்கை சொன்னது உண்மையில்லை. இந்த இரண்டும் ஒரே தாளில் எப்படிச் சேர்ந்து இருக்க முடிந்தது என்ற கேள்வி என்னை விடவே இல்லை.

கொள்கை வடிவமைப்பைப் பற்றிய பாடப்புத்தகங்கள் வேறொரு கேள்வியில் தொடங்குகின்றன. பொருளியலாளர் ஆர்தர் பிகூ 1920இல், மாசு செய்பவர் பிறருக்கு ஏற்படுத்தும் இழப்புக்குச் சமமாக வரி விதிக்கலாம் என்றார். ரொனால்ட் கோஸ் 1960இல், உரிமை யாருடையது என்று தெளிவாக வரையறுத்துவிட்டால், பேரம் பேசுவதில் செலவு இல்லாத இடத்தில், இரு தரப்பும் தாங்களே பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்று வாதிட்டார். மார்ட்டின் வெய்ட்ஸ்மன் 1974இல், செலவு எவ்வளவு என்று உறுதியாகத் தெரியாத நிலையில் விலையைக் கட்டுப்படுத்துவது மேலா, அளவைக் கட்டுப்படுத்துவது மேலா என்று கணக்கிட்டுக் காட்டினார். வரியா, சந்தையா, தடையா என்ற இந்த விவாதம் இன்றும் கருத்தரங்குகளில் சூடாக நடக்கிறது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த மூன்றுமே ஒன்றைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டுவிடுகின்றன: எவ்வளவு மாசு வெளியேறியது என்பது நமக்குத் தெரியும் என்று. அளவு தெரிந்தால்தான் வரி. அளவு தெரிந்தால்தான் வணிகம். அளவு தெரிந்தால்தான் தண்டனை. அந்த அளவை யார் எடுக்கிறார், அவருக்கு யார் பணம் தருகிறார், அவர் எப்போது எங்கே வருவார் என்பது யாருக்குத் தெரியும் என்ற விஷயங்கள் சட்ட வரைவின் பின்னிணைப்புகளில் கிடக்கும். ஒரு கொள்கை வாழ்வதும் சாவதும் பெரும்பாலும் அந்தப் பின்னிணைப்பில்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

இதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு குஜராத்தில் நடந்தது. அங்கே அதிகம் மாசு செய்யக்கூடிய ஆலைகள் ஆண்டுதோறும் வெளித் தணிக்கை செய்துகொள்ள வேண்டும் என்ற ஏற்பாடு 1996இல் உயர் நீதிமன்ற உத்தரவால் வந்தது. தணிக்கையாளரை ஆலையே தேர்ந்தெடுக்கும், ஆலையே பணம் கொடுக்கும். பொருளியலாளர்களான எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிக்கோலஸ் ரயன் நால்வரும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துடன் சேர்ந்து இதைச் சோதித்தார்கள். அகமதாபாத், சூரத் பகுதிகளின் ஆலைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் பழைய முறையே நீடித்தது. மறு பாதியில் தணிக்கையாளரை ஆலை தேர்ந்தெடுக்க முடியாது, குலுக்கலில் ஒருவர் வருவார். அவருக்கான கட்டணம் பொது நிதியிலிருந்து, எல்லோருக்கும் ஒரே தொகையாகப் போகும். அவர் அளந்த பிறகு, சில ஆலைகளில் வேறொரு குழு சொல்லாமல் போய் மறுபடி அளந்து பார்க்கும். இரண்டாம் ஆண்டில், மறு அளவீட்டோடு ஒத்துப்போகிற தணிக்கையாளருக்குக் கூடுதல் ஊதியமும் உண்டு.

பழைய முறையில் இயங்கிய ஆலைகளில், துகள் வரம்பை மீறியவை 7 சதவீதம் என்று தணிக்கை அறிக்கைகள் சொல்லின. ஒப்பீட்டுக்காக அங்கேயும் எடுத்த மறு அளவீட்டில் தெரிந்தது 59 சதவீதம்.

2013இல் வெளியான அந்தக் கட்டுரையில் ஒரு வரைபடம் இருக்கிறது. வரம்பு ஒரு கன மீட்டருக்கு 150 மில்லிகிராம். பழைய முறைத் தணிக்கையாளர்கள் தந்த எண்கள் அந்த 150க்குச் சற்றுக் கீழே கூட்டமாக வந்து குவிந்து நிற்கின்றன, மழைக்கு ஒதுங்கியவர்கள் கூரை விளிம்பின் கீழ் நிற்பது போல. மறு அளவீட்டில் எடுத்த எண்கள் அந்தக் கோட்டை மதிக்காமல் இரு பக்கமும் பரந்து கிடக்கின்றன. அந்தப் படத்தை முதல் முறை பார்த்தபோது நூலகத்தில் எழுந்து வெளியே போய்ச் சிறிது நேரம் நின்றேன். நான் எடை போட்ட ஓர் எண்ணும், வேறோர் இடத்தில், வேறொரு வரம்பின் கீழே, அப்படித்தான் போய் ஒதுங்கி நின்றது.

புதிய முறையில் என்ன ஆனது? மீறலை மறைத்து 'வரம்புக்குள் இருக்கிறது' என்று எழுதும் வாய்ப்பு 80 சதவீதம் குறைந்தது. அதைவிட முக்கியம், ஆலைகள் உண்மையிலேயே மாசைக் குறைத்தன. வரம்பு மாறவில்லை, அபராதச் சட்டம் மாறவில்லை. பணம் கைமாறும் பாதை மட்டும் மாறியது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நம் பழமொழி சொல்கிறது. உறவுக்கும் நட்புக்கும் அது அழகான நெறி. தணிக்கைக்கு அதுவே நோய். அந்தத் தணிக்கையாளர்கள் கெட்டவர்கள் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. அவர்கள் பெற்ற கட்டணம் ஒழுங்காக அளப்பதற்கு ஆகும் செலவைவிடக் குறைவு என்று அந்த ஆய்வே சொல்கிறது. ஏறி அளக்கவே பணம் போதாத வேலையை, கசப்பான எண்ணைக் கொடுத்தால் அடுத்த ஆண்டு கிடைக்காத வேலையை, ஒருவரிடம் கொடுத்துவிட்டு நேர்மையை எதிர்பார்ப்பது அவருக்குச் செய்யும் அநீதி.

அப்படியானால் அரசே அடிக்கடி ஆய்வாளரை அனுப்பினால் போதாதா? அதையும் அங்கேயே சோதித்தார்கள். 2018இல் வெளியான இன்னொரு கட்டுரையில் அந்த முடிவு இருக்கிறது. குலுக்கலில் தேர்ந்த ஆலைகளுக்கு ஆய்வாளர் வருகையை இரண்டு மடங்குக்கு மேல் கூட்டினார்கள். மாசு பெரிதாகக் குறையவில்லை. ஏனென்றால், ஆய்வாளர்கள் தங்கள் அனுபவத்தால் மிக மோசமான ஆலைகளை முன்பே குறி வைத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். கூடுதல் வருகைகள் பெரும்பாலும் சிறிய மீறல்களைத்தான் கண்டன. சிறிய மீறலுக்கு வாரியம் கடும் நடவடிக்கை எடுப்பதில்லை. எனக்கு இந்த முடிவு முதலில் சங்கடமாக இருந்தது, பிறகு பிடித்துப்போனது. கண்காணிப்பு என்றாலே எண்ணிக்கையைக் கூட்டு என்று சொல்வது எளிது. அனுபவமுள்ள ஓர் ஆய்வாளரின் மூக்குக்கும் மதிப்பு உண்டு என்று ஒரு குலுக்கல் சோதனை நிரூபித்தது பெரிய விஷயம்.

அளவு எங்கே எடுக்கப்படுகிறது என்பதும் இதே கதைதான். சீன ஆறுகளில் நீரின் தரத்தைப் பார்க்கும் நிலையங்கள் இருக்கின்றன. 2000களின் தொடக்கத்தில் அந்த நிலையங்களின் எண்கள் உள்ளூர் அதிகாரிகளின் பதவி உயர்வோடு இணைக்கப்பட்டன. நல்ல நோக்கம்தான். ஆனால் ஆறு ஒரே திசையில் ஓடுகிறது. நிலையத்துக்கு மேலே இருக்கும் ஆலையின் கழிவு நிலையத்தில் தெரியும். கீழே இருக்கும் ஆலையின் கழிவு அந்த நிலையத்துக்குத் தெரியவே தெரியாது. கோஜுன் ஹெ, ஷாவ்டா வாங், பிங் ஜாங் மூவரும் நிலையத்தின் இரு பக்கத்திலும் அடுத்தடுத்து இருந்த ஆலைகளை ஒப்பிட்டார்கள். மேலே இருந்த ஆலைகள், கீழே இருந்தவற்றைவிடக் கழிவைப் பாதிக்கு மேல் குறைவாக விட்டன. அதற்கு விலையாக அவற்றின் உற்பத்தித் திறன் ஏறத்தாழ 24 சதவீதம் குறைந்திருந்தது. சில கிலோமீட்டர் தூரத்தில் இரண்டு ஆலைகள், ஒரே ஆறு, ஒரே சட்டம். ஒன்றின் மேல் முழுச் சுமை, இன்னொன்றின் மேல் சுமையே இல்லை. ஆற்றைக் காக்க வைத்த கருவி, தான் நிற்கும் இடத்தின் நீரை மட்டும் காத்தது.

எப்போது என்பதும் அப்படியே. அமெரிக்காவில் காற்றின் துகளை அளக்கும் பல நிலையங்கள் ஆறு நாளுக்கு ஒரு முறைதான் அளக்கும். எந்த நாள் என்ற அட்டவணை முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும். எரிக் ஜூ என்ற பொருளியலாளர் எல்லா நாளும் மேலிருந்து பார்க்கும் செயற்கைக்கோள் தரவை எடுத்து அந்த அட்டவணையோடு வைத்துப் பார்த்தார். அளக்காத நாட்களில் காற்று மோசமாக இருந்தது. நாங்கள் சொல்லிவிட்டுப் போன நாளில் கொதிகலன் பாதிச் சுமையில் ஓடியது நினைவுக்கு வருகிறது. வளர்ந்த நாடு, வளரும் நாடு என்ற வேறுபாடு இதில் கிடையாது.

மனிதக் கையை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சீனாவிலிருந்தே சான்று உண்டு. 2012க்குப் பிறகு நகரங்களின் காற்றளவை, தானியங்கிக் கருவிகள் மூலம் உள்ளூர் அதிகாரிகள் தொட முடியாதபடி நேரடியாக வெளியிடும் ஏற்பாடு வந்தது. அந்த மாற்றம் வந்தவுடன் பதிவான பிஎம் 10 என்ற நுண்துகளின் அளவு 35 சதவீதம் எகிறியது. காற்று ஒரே இரவில் கெடவில்லை. அதுவரை மக்கள் சுவாசித்தது என்ன என்பது அன்றுதான் எழுத்தில் வந்தது. அதன்பிறகு முகக்கவசமும் காற்று வடிகட்டியும் தேடுவோர் கூடினார்கள். சரியான எண் தெரிந்தால் மக்கள் தங்களைக் காத்துக்கொள்கிறார்கள். பொய்யான எண் அவர்களிடமிருந்து அந்த வாய்ப்பையும் பறித்துவிடுகிறது. மாசை மறைக்கும் அறிக்கை என்பது வெறும் நிர்வாகக் குறைபாடு அல்ல, அது ஒரு குழந்தையின் நுரையீரலுக்குள் போகிறது. இந்த இடத்தில் என்னால் நிதானமாக எழுத முடிவதில்லை.

இனி எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்புக்கு வருகிறேன். சுவீடன் 1992இல் பெரிய கொதிகலன்கள் விடும் நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கு ஒரு கட்டணம் விதித்தது, கிலோவுக்கு 40 குரோனா. ஐரோப்பாவில் அன்றைக்கு அது மிகக் கடுமையான விலை. நைட்ரஜன் ஆக்சைடு ஒரு வம்பான பொருள். எரிபொருளில் எவ்வளவு கந்தகம் என்று தெரிந்தால் எவ்வளவு கந்தகப் புகை வரும் என்று கணக்குப் போட்டுவிடலாம். நைட்ரஜன் ஆக்சைடு பெரும்பாலும் நெருப்பின் வெப்பம், காற்றின் அளவு, எரியும் விதம் ஆகியவற்றைப் பொறுத்தது. ஒரே கொதிகலனில் ஒரு மணி நேரத்துக்கும் அடுத்த மணி நேரத்துக்கும் மாறும். தொடர்ந்து அளக்காமல் தெரியாது. அளக்கும் கருவியோ விலை அதிகம்.

சுவீடன்காரர்கள் செய்தது இதுதான். கருவி வைத்து அளக்கும் ஆலை, அளந்த அளவுக்குக் கட்டணம் செலுத்தலாம். அளக்காத ஆலை, அரசு முன்கூட்டியே நிர்ணயித்த ஓர் அனுமான அளவுக்குச் செலுத்த வேண்டும். அந்த அனுமானத்தை வேண்டுமென்றே உயரத்தில் வைத்தார்கள். நான் அவ்வளவு விடவில்லை என்று ஆலை சொல்ல விரும்பினால், அளந்து காட்டுவது அதன் பொறுப்பு. ஒரே வரியில் சுமை இடம் மாறிவிட்டது. பிறகு, வசூலான பணத்தை அரசு தன் கருவூலத்தில் வைத்துக்கொள்ளவில்லை. நிர்வாகச் செலவு போக மீதியை அதே ஆலைகளுக்கு, அவை உற்பத்தி செய்த ஆற்றலின் விகிதத்தில் திருப்பிக் கொடுத்தது. குறைந்த புகையில் அதிக ஆற்றல் தந்தவருக்கு லாபம், அதிகப் புகை விட்டவருக்கு இழப்பு. எல்லோரையும் பகைக்காமல் கடுமையான விலையை வைக்க முடிந்ததன் ரகசியம் அங்கே இருக்கிறது.

அடுத்து நடந்ததை ஒரு கொதிகலன் இயக்குபவரின் பக்கத்தில் நின்று கற்பனை செய்து பார்க்கிறேன். அதுவரை அவர் முன்னால் வெப்பமும் அழுத்தமும் காட்டும் முட்கள் மட்டும் இருந்தன. இப்போது இன்னொரு திரை வந்து, நைட்ரஜன் ஆக்சைடு எவ்வளவு என்று காட்டிக்கொண்டே இருக்கிறது. அவர் காற்று விடும் திறப்பைச் சிறிது மாற்றுகிறார், எண் இறங்குகிறது. எரிபொருள் ஊட்டும் வேகத்தை மாற்றுகிறார், ஏறுகிறது. புதிய இயந்திரம் எதுவும் வாங்காமலேயே பல ஆலைகள் உமிழ்வைக் குறைத்ததை ஆய்வாளர்கள் பின்னர் பதிவு செய்தார்கள். மிகக் குறைந்த செலவில், சில இடங்களில் செலவே இல்லாமல். தாங்கள் எவ்வளவு விடுகிறோம் என்பது ஆலைகளுக்கே அதுவரை தெரிந்திருக்கவில்லை. அளவீடு தண்டிப்பதற்கான கருவி மட்டும் என்று நினைத்திருந்த எனக்கு இது ஒரு திறப்பு. அளப்பது, அளக்கப்படுபவருக்கும் பாடம் சொல்லிக் கொடுக்கிறது.

அளக்காமல் தொடங்கிய ஒரு திட்டத்துக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால், ஐரோப்பிய ஒன்றியத்தின் கரிம உமிழ்வுச் சந்தையின் முதல் கட்டத்தைச் சொல்லலாம். 2005இல் தொடங்கும்போது, ஒவ்வொரு ஆலையும் உண்மையில் எவ்வளவு விடுகிறது என்ற சரிபார்த்த தரவு இல்லை. மதிப்பீடுகளை நம்பி, இவ்வளவு விடலாம் என்ற உரிமச் சீட்டுகளைக் கொடுத்தார்கள். 2006 ஏப்ரலில் சரிபார்த்த எண்கள் முதல் முறையாக வெளிவந்தபோது, தேவைக்கு மேல் சீட்டுகள் கொடுத்தாகிவிட்டது என்று தெரிந்தது. விலை சரிந்தது. மீந்த சீட்டுகளை அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் செல்லவும் அனுமதி இல்லாததால், 2007இல் ஏறக்குறைய சுழியத்துக்கு வந்தது. சூரத்தில் 2019இல் தொடங்கிய துகள் உமிழ்வுச் சந்தை, வரிசையை மாற்றிப் போட்டது. முதலில் புகைபோக்கிகளில் தொடர் அளவீட்டுக் கருவிகள், பிறகு சந்தை. முந்நூற்றுக்கு மேற்பட்ட ஆலைகளில் குலுக்கல் முறையில் சோதித்தபோது, சந்தைக்குள் வந்த ஆலைகள் துகள் உமிழ்வை 20 முதல் 30 சதவீதம் வரை குறைத்தன.

வேறு விதமாகத் தவறிய ஒரு திட்டம் எச்எஃப்சி-23 என்ற வாயுவைப் பற்றியது. குளிர்பதன வாயு ஒன்றைத் தயாரிக்கும்போது உண்டாகும் கழிவு அது. அதன் ஒரு டன் 11,700 டன் கரியமில வாயுவுக்குச் சமம் என்று கணக்கிட்டு, அதை எரித்து அழிக்கும் ஆலைகளுக்கு, விற்றுக் காசாக்கக்கூடிய கரிமச் சான்றுகள் வழங்கினார்கள். அழிக்கும் செலவு சொற்பம், சான்றின் விலை மிக அதிகம். கழிவு விற்பனைப் பொருளைவிட லாபமாகிவிட்டது. ரஷ்யாவில் இரண்டு ஆலைகள் அதிகச் சான்று பெற முடிந்த காலத்தில் கழிவு உற்பத்தியை அதுவரை இல்லாத அளவுக்குக் கூட்டியதைப் பின்னால் ஓர் ஆய்வு காட்டியது. ஐரோப்பிய ஒன்றியம் 2013 மே முதல் அந்தச் சான்றுகளை ஏற்க மறுத்தது. இங்கே அளவீடு துல்லியமாகவே இருந்தது. ஆனால் அளவின் தொடக்கப் புள்ளி, அதாவது எவ்வளவு கழிவை உண்டாக்குவது என்பது, அளக்கப்படுபவரின் கையில் இருந்தது.

எலினோர் ஆஸ்ட்ரம் எழுதியவற்றை இந்த வரிசையில் யாரும் வைப்பதில்லை. அவர் பொதுவள ஆய்வாளர், 2009இல் நோபல் பெற்றவர், பொருளியலில் அப்பரிசு பெற்ற முதல் பெண். அவரைக் கூட்டுறவு, நம்பிக்கை என்ற சொற்களோடு மட்டும் நினைவுகூர்கிறார்கள். எனக்கு அவர் அளவீட்டின் ஆசான். 1990இல் வெளியான தன் நூலில் துருக்கியின் அலன்யா கடற்கரை மீனவர்களைப் பற்றி எழுதுகிறார். மீன்பிடி இடங்களுக்குப் பெயர் வைத்துப் பட்டியலிட்டு, செப்டம்பரில் சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு இடம் எடுத்துக்கொள்வார்கள். ஜனவரி வரை ஒவ்வொரு நாளும் எல்லோரும் கிழக்கே ஓர் இடம் நகர வேண்டும், பிறகு மேற்கே. நல்ல இடம் எல்லோருக்கும் ஒரு நாள் வரும். யாராவது முறை மாறி நல்ல இடத்தில் போய் வலை போட்டால் கண்டுபிடிப்பவர் யார்? அன்று அந்த இடம் யாருக்கு உரியதோ அவர்தான். அவர் தன் நல்ல நாளை விட்டுக்கொடுக்க மாட்டார், விடியும் முன்பே வந்து நிற்பார். தனியாக ஒரு கண்காணிப்பாளருக்குக் கூலி கொடுக்க வேண்டியதே இல்லை. விதியை வகுத்தபோதே கண்காணிப்பையும் அதற்குள் நெய்துவிட்டார்கள். எந்தப் பொருளியல் பட்டமும் இல்லாதவர்கள் படகில் உட்கார்ந்து பேசி இதைக் கண்டுபிடித்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

மாண்ட்ரியல் உடன்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் எழுதப்பட்டது. உலக நாடுகள் அனைத்தும் ஏற்ற ஒப்பந்தம். அது வென்றதற்குப் பல காரணங்கள் சொல்வார்கள்: மாற்று வாயுக்கள் கிடைத்தன, தயாரிப்பாளர்கள் குறைவு, வளரும் நாடுகளுக்கு நிதி கொடுத்தார்கள். எல்லாம் சரி. ஆனால் 2018இல் நடந்ததைப் பாருங்கள். ஓசோனை அரிக்கும் சிஎஃப்சி-11 என்ற வாயுவின் உற்பத்தி 2010இலிருந்து உலகெங்கும் தடை. நாடுகள் அனுப்பிய அறிக்கைகளில் உற்பத்தி ஏறக்குறைய சுழியம். அதே நேரம் அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பைச் சேர்ந்த ஸ்டீபன் மாண்ட்ஸ்காவும் அவர் குழுவும், தொலைதூர நிலையங்களில் எடுத்த காற்று மாதிரிகளில் அந்த வாயு குறைய வேண்டிய வேகத்தில் குறையவில்லை என்று கண்டார்கள். 2012க்குப் பிறகு எங்கோ ஆண்டுக்குச் சுமார் 13,000 டன் புதிதாக வெளியேறுகிறது என்று கணக்கு சொன்னது. அறிக்கைகள் சுழியம் என்கின்றன, காற்று 13,000 டன் என்கிறது.

அடுத்த ஆண்டு, கொரியாவின் ஜேஜு தீவில் இருக்கும் கோசான் நிலையமும் ஜப்பானின் ஹதெருமா நிலையமும் அந்தக் காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காட்டின: கிழக்குச் சீனா, குறிப்பாக ஷாண்டோங், ஹெபெய் மாகாணங்களின் பக்கம். சீன அரசு நடவடிக்கை எடுத்தது. 2021இல் வந்த கட்டுரைகள் உமிழ்வு மறுபடி இறங்கிவிட்டதைப் பதிவு செய்தன. அந்த நிலையங்களுக்கு வாயு தயாரிப்பவர் யாரும் பணம் கொடுக்கவில்லை. அவை எந்த ஆலைக்கும் முன்னறிவிப்புக் கொடுத்து வருவதில்லை. காற்று தானாக அவற்றிடம் வருகிறது. கைப்பிடி அளவு மனிதர்கள், மலை உச்சியிலும் தீவு முனையிலும், ஆண்டுக்கணக்கில் அதே குடுவையில் அதே காற்றைப் பிடித்து அதே முறையில் அளந்துகொண்டிருந்ததால், ஓர் உலக ஒப்பந்தம் பொய்யாகாமல் தப்பியது. இப்படிப்பட்ட நிலையங்களுக்கான நிதியைத்தான் முதலில் வெட்டுகிறார்கள் என்பது என் மனத்தை அறுக்கிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்காத, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஆய்வுக்கு மேடையில் கைதட்டல் கிடைப்பதில்லை.

நீடித்த வளர்ச்சி என்ற பெரிய சொல்லுக்கும் இந்த வாசல் வழியாகத்தான் போகிறேன். 1987இல் ஐ.நா. அமைத்த புருண்ட்லாந்து ஆணையம், வருங்காலத் தலைமுறைகள் தங்கள் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளும் ஆற்றலைக் குலைக்காமல் இன்றைய தேவைகளை நிறைவேற்றுவது என்று அதற்குப் பொருள் சொன்னது. 2015இல் ஐ.நா. அதை 17 இலக்குகளாகவும் 169 உள் இலக்குகளாகவும் பிரித்தது. அவற்றில் பலவற்றை எப்படி அளப்பது என்ற முறை, இலக்கை அறிவித்த நாளில் உலகில் எங்கும் வகுக்கப்பட்டிருக்கவில்லை. முன்னேற்றத்தைப் பற்றிய அறிக்கையை ஒவ்வொரு நாடும் தன்னார்வமாகத் தானே எழுதித் தானே வாசிக்கிறது. இலக்குகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்தத் திசையில் உலகம் கையெழுத்திட்டதே பெரிது. ஆனால் அளக்கப்படுபவரே அளக்கிறார் என்ற அதே பழைய ஏணியில்தான் இங்கேயும் ஏறிக்கொண்டிருக்கிறோம்.

இதற்கு எதிராக ஒரு நேர்மையான வாதம் உண்டு. அதை என்னிடம் சொன்னவர் சதுப்பு நிலங்களை ஆராயும் ஒரு தோழி. "நீங்கள் அளக்க முடிந்ததை மட்டும் காப்பாற்றுவீர்கள். ஒரு சதுப்பு நிலம் அமைதியாக இருப்பதை எந்த திம்பிளில் பிடிப்பீர்கள்?" என்று கேட்டார். அவர் சொல்வது சரி. எண் இல்லாத ஒன்று, எண் உள்ள ஒன்றோடு மோதும்போது தோற்றுவிடுகிறது. ஒரு காட்டின் கரிம அளவை எளிதில் கணக்கிடலாம் என்பதால், பல இனம் வாழும் பழைய காட்டையும் ஒரே மரத்தை வரிசையாக நட்ட தோப்பையும் ஒரே பத்தியில் எழுதும் தவறு நடக்கிறது. அளவீட்டை முதன்மைப்படுத்தும் என் வாதம், அளக்கத் தெரியாததைத் தள்ளிவிடுவதற்கான சாக்காக ஆகிவிடக் கூடாது. சுவீடனின் அந்த ஒரு வரியை இங்கேயும் கொண்டுவரலாம் என்று நினைக்கிறேன்: தெரியாத இடத்தில், பாதிப்பு அதிகம் என்று எடுத்துக்கொள்வோம். இல்லை என்று காட்டும் பொறுப்பு, அதை மாற்ற விரும்புகிறவருக்கு. தோழிக்கு இது முழுத் திருப்தி தரவில்லை. எனக்கும்தான்.

இப்போது யாராவது ஒரு சட்ட வரைவையோ திட்ட அறிக்கையையோ கருத்துக் கேட்டு அனுப்பினால், முன்னுரையைத் தாண்டி நேராகப் பின்னிணைப்புக்குப் போய்விடுகிறேன். கடைசியாக வந்த வரைவின் முன்பகுதி மிக நன்றாக இருந்தது. வரம்புகள் கடுமை, அபராதம் கடுமை, எழுதியவர்களுக்கு அக்கறை இருந்தது தெரிந்தது. நான் தேடியது 41ஆம் பக்கத்தில், ஓர் அட்டவணைக்குக் கீழே இருந்தது. 'ஆலை, அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் ஒன்றை அமர்த்தி, ஆண்டுக்கு ஒரு முறை உமிழ்வை அளந்து அறிக்கை அளிக்கும்.'

அந்த வரியைப் பென்சிலால் அடிக்கோடிட்டேன். ஓரத்தில் எழுதினேன்: ஆய்வகத்தைத் தேர்ந்தெடுப்பது ஏன் ஆலை? கட்டணம் எந்தக் கையிலிருந்து? எந்த நாளில் வருவார்கள் என்பது யாருக்கெல்லாம் தெரியும்? முதல் அளவீட்டையும் மறு அளவீட்டையும் சேர்த்தே அனுப்ப வேண்டும் என்று ஏன் எழுதவில்லை?

கடைசிக் கேள்வியை எழுதும்போது பழைய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்துக்கொண்டேன். நாள், துளை எண், முன் எடை, பின் எடை. கறுத்துப்போன அந்த திம்பிளின் எண் என் கையெழுத்தில் அப்படியே இருக்கிறது. வேறெங்கும் அது இல்லை.